கதை சொல்லாமல் சொன்ன படம்

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி அவனை யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவன் 'படப்பித்து'தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் கண்ணுக்குப் பவர் பார்த்துக்கொண்டே, யாரும் கேள்விப்படாத பழைய படங்களைப் பார்க்கச் சொல்லி உயிரை வாங்குவான். கதையைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டான். ஒன்றும் தெரியாமல் போய் உட்கார வேண்டும், அதுதான் படத்துக்கு மரியாதை என்பான். உண்மை என்னவென்றால், பயலுக்குக் கதை நினைவில் நிற்காது. வெளிச்சம் எங்கிருந்து விழுந்தது, கேமரா எங்கே நின்றது, அதெல்லாம் அத்துப்படி. யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான்.

அத்தான் படுத்த படுக்கையானபோது இந்தப் பித்துதான் கைகொடுத்தது. லிஃப்ட் மெக்கானிக்காக மாடி மாடியாக அலைந்த மனுஷன், படுத்தே கிடந்தால் பொழுது போக வேண்டாமா? ஈரல் கெட்டுவிட்டது, இனி வைத்தியம் இல்லை என்று டாக்டர் அக்காவையும் அவனையும் வெளியே அழைத்துச் சொல்லியிருந்தார். அத்தானிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று அக்கா அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வெறும் மஞ்சள் காமாலைதான், சீக்கிரம் எழுந்துவிடுவார் என்று வீடே சிரித்த முகத்தோடு சாதித்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் அவன் பார்க்கச் சொன்னது ஒரு ஓடக்காரனைப் பற்றிய படம். கறுப்பு வெள்ளை. வந்த சுவடு தெரியாமல் தியேட்டரை விட்டுப் போன படம். ஆற்றின் மேல் மூடுபனி இறங்குகிற ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம் என்று லேப்டாப்பில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனான்.

மத்தியானம் ஒரு அம்மாவுக்குக் கண்ணாடி மாட்டிவிடும்போதுதான், மூடுபனிக்கு அப்புறம் வருவது அவனுக்கு நினைவு வந்தது. ஓடக்காரன் நோயில் விழுவான். அவன் பிழைக்கமாட்டான் என்று தெரிந்த வீட்டார், கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துப் பேசுவார்கள். படப்பித்து அந்த அம்மாவை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

படம் முடிந்திருந்தது. அக்கா சமையலறையில் இருந்தாள். அத்தான் லேப்டாப்பை மூடித் தலையணை ஓரமாக வைத்திருந்தார்.

"வேணும்னேதான் இந்தப் படத்தச் சொன்னியா மாப்ள?"

இல்லை, மறந்து தொலைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால், எதை மறந்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆமாம் என்றால் அக்காவுக்குச் செய்த சத்தியம் போச்சு. அவன் மென்று விழுங்கி நின்றதிலேயே அத்தானுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியும்னு உங்கக்காவுக்குத் தெரிய வேணாம். பாவம், கஷ்டப்பட்டுச் சிரிக்கிறா."

அவன் சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுது முடித்ததும் அத்தான் லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளினார்.

"அடுத்து என்ன படம்? ரொம்ப நீளமில்லாததா பாத்துச் சொல்லு."