இருக்கிற இடத்திலேயே

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதட்டில் வைத்த நேரம் பார்த்து நிறோஜனின் கைப்பேசி அடித்தது. முந்தின நாளிலிருந்து எதற்கும் அசையாமல் கிடந்த டொமினிக் கண்ணைத் திறந்தார். மனைவி மார்த்தா கூப்பிட்டும் திறக்காத கண், கைப்பேசி அடித்ததும் திறந்தது.

பங்குத் தந்தையின் அழைப்புக்காகத்தான் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். யுத்தம் முடிந்து சனம் ஊர் ஊராகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவருடைய ஊர் மட்டும் படை முகாமின் வேலிக்குள் கிடந்தது. குடும்பம் அரிப்புக் கிராமத்தில் ஒரு தகர வீட்டில் ஒதுங்கியிருந்தது. ஊரில் போய் வாழும் ஆசையை அவர் எப்போதோ விட்டுவிட்டார். ஊர்ச் சேமக்காலையில் தாயின் கல்லறைக்குப் பக்கத்தில் தன்னை அடக்கினால் போதும் என்பதுதான் மிச்சமிருந்தது. அதற்கு முகாமில் அனுமதி கேட்டுப் பாதர் போயிருந்தார். உயிரோடு இருப்பவனைத்தான் மறிப்பார்கள், பிணத்தை மறிக்க மாட்டார்கள் என்று டொமினிக் திடமாக நம்பினார்.

அழைத்தது பாதர் இல்லை. மன்னார் கந்தோரில் நிறோஜனோடு வேலை செய்யும் பரீனா. மீள்குடியேற்றக் கணக்குகளை வரைபடமாகக் காட்டும் மென்பொருள் ஒன்றைப் புது லினக்ஸ் கணினியில் நிறுவ வேண்டியிருந்தது. அந்த வித்தை தெரிந்தவன் கந்தோரில் நிறோஜன் ஒருவன்தான். பின்னேரம் கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். வண்ணப்படம் காட்டாவிட்டால் அவர்களுக்கு எதுவும் விளங்காது.

“நிறோஜன், குறை நினையாதேங்கோ. வாப்பாக்கு எப்பிடி?”

“அப்பிடியேதான். சொல்லுங்கோ.”

“நீங்கள் எழுதித் தந்த மாதிரியே எல்லாம் அடிச்சனான். கடைசியில பெர்மிஷன் டினைட் எண்டு வருது.”

“அனுமதி இல்லையோ? இன்னொருக்காக் கேட்டுப் பாத்தனீங்களோ?”

“பாத்திட்டன். அதேதான்.”

“அப்ப ஆயிரம் தரம் கேட்டாலும் அதுதான் பதில். அந்த இடத்தில போட எங்களுக்கு உரிமை இல்லை. பெரியவர் மனம் வைச்சால்தான் உண்டு.”

“அவர் லீவில எல்லோ நிக்கிறார்?”

“அப்ப விடுங்கோ. அங்கை விடாட்டில் என்ன, இருக்கிற இடத்திலையே போடுங்கோ. ஆரையும் கெஞ்சத் தேவையில்லை.”

கணினியின் பொது இடத்தில் ஒன்றை நிறுவ நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். தன் சொந்தக் கோப்புறைக்குள் வைக்க யாருடைய தயவும் வேண்டாம். கணினிக்காரர்கள் அந்தக் கோப்புறைக்கு வைத்த பெயர் வீடு. இவ்வளவும் பரீனாவுக்குத் தெரியும். கட்டிலில் கிடந்தவருக்குத் தெரியாது. அவருக்குக் கேட்டது மகனின் பேச்சு மட்டும்.

சிக்னல் விட்டு விட்டு வந்ததால் நிறோஜன் பஞ்சைத் தாயிடம் கொடுத்துவிட்டு வேலியடிக்குப் போனான். ‘இரண்டு சின்னக் கோடு, பிறகு பிரிபிக்ஸ், இடைவெளி விடாதேங்கோ’ என்று கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னான். நிறுவிய இடத்துக்கான பாதையைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க இன்னும் நேரம் போனது. கடைசியில் பரீனா சிரித்தாள்.

“வந்திட்டுது! கோடெல்லாம் வடிவா நிக்குது. உங்கட ஊருக்கு மட்டும் ஒண்டையும் காணேல்லை. பிழையோ?”

“பிழையில்லை. அங்கை ஒருத்தரும் போய் இருக்கேல்லை. பூச்சியத்துக்குக் கோடு வராது.”

அவன் திரும்பி வாசலுக்கு வந்தபோது மார்த்தா அப்பாவின் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் பாதர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அனுமதி கிடைத்துவிட்டது. மறுநாள் காலையில் கொண்டுபோகலாம். பெட்டி தூக்கும் ஆண்கள் மட்டும் உள்ளே போகலாம். அப்பாவின் தங்கை எடித், “மாதாவே, அண்ணை கேட்டது கிடைச்சிட்டுது” என்று பெரிதாக அழுதாள்.

மார்த்தா அழவில்லை. “வேண்டாம் பாதர். இஞ்சையே அடக்குவம்.”

“என்ன மச்சாள் சொல்லுறியள்?” என்றாள் எடித்.

“போகேக்க என்ர கையைப் பிடிச்சுச் சொன்னவர். அங்கை எங்களுக்கு உரிமை இல்லையாம். இருக்கிற இடத்திலையே போடட்டாம். ஆரையும் கெஞ்ச வேண்டாமாம்.”

எடித் வாயை மூடிக்கொண்டாள். போகிறவர் சொன்ன சொல்லை மீறுகிற குடும்பம் இல்லை அது.

எல்லாம் நிறோஜன் கைப்பேசியில் சொன்ன சொற்கள், ஒன்றுகூட மாறவில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. இங்கே அடக்கினால் அம்மா நினைத்த நேரம் போய் மெழுகுதிரி கொளுத்தலாம். ஊரில் அடக்கினால் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். யாருக்கும் நட்டமில்லாத மௌனம். ஆனால் கைப்பேசிச் சத்தத்துக்குத் திறந்த அந்தக் கண் அவனை விடவில்லை.

“அம்மா, அது அப்பான்ர கதையில்லை. என்ர கதை.”

“என்னடா?”

“நான் பரீனாவோட கதைச்சது. கொம்பியூட்டரில ஒரு சாமான் போடுறதுக்கு. அனுமதி இல்லையெண்டது அதுக்கு. அப்பா முகாமுக்கெண்டு நினைச்சிட்டார்.”

மார்த்தா கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள்.

“அப்ப மனுசன் விடமாட்டாங்கள் எண்டு நினைச்சே செத்தவர்?”

அவன் தலையை ஆட்டினான்.

“எழும்பி வெளிய போய்க் கதைச்சிருக்கலாமே, தம்பி.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் பாதர் பக்கம் திரும்பினாள். “கொண்டு போங்கோ.”

மறுநாள் முகாம் வாசலில் பெண்களை நிறுத்தினார்கள். மார்த்தா பெட்டியின் மேல் கையை வைத்தாள். பிறகு தானாகவே எடுத்துக்கொண்டாள்.

சேமக்காலையில் உடை முள்மரம் மண்டிக் கிடந்தது. சிலுவைகள் விழுந்து, மண் மூடி, எது யாருடையது என்று தெரியவில்லை. நிறோஜன் முள்ளை விலக்கி விலக்கி அப்பம்மாவின் கல்லறையைத் தேடினான். கூட வந்த சிப்பாய் அடிக்கடி மணியைப் பார்த்தான். “எங்கையெண்டாலும் வெட்டுவம் தம்பி, எல்லாம் எங்கட சனம்தானே” என்றார் பாதர். மண் இளகியிருந்த ஓரிடத்தில் வெட்டினார்கள்.

அவன் வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டது. மார்த்தா விட்ட இடத்திலேயே நின்றாள்.

“தாய்க்குப் பக்கத்திலதானே வைச்சனீங்கள்?”

“ஓம் அம்மா.”

“எந்தப் பக்கம்?”

“வலப் பக்கம்.”

“அப்ப கடல் பக்கம்” என்றாள். பிறகு அவன் கையை இழுத்து, சேலைத் தலைப்பால் விரல் விரலாக மணலைத் துடைத்துவிட்டாள்.