கிட்டப் போனால் மங்கும் முகம்

1

இந்தக் கதை ஒரு எரிச்சலில் பிறந்தது. காரைக்குடியில் ஒரு ஸ்டுடியோவில் பழைய கேமரா லென்ஸ் ஒன்று வாங்கினேன். எதிர்வீட்டு மாடியில் காயும் சேலையை ஃபோகஸ் செய்துவிட்டு ஜூம் வளையத்தைத் திருப்பினால், சேலை கலங்கிப்போகிறது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

"லென்ஸ் கெடல சார். இது போட்டோ லென்ஸு. ஜூம் பண்ணிட்டு அப்புறம் ஃபோகஸ் பண்ணணும். நீங்க தலைகீழாப் பண்ணுறீக."

(ஜூம் செய்தால் உள்ளே கண்ணாடிகள் இடம் மாறுகின்றன, படம் தெளிவாக விழும் இடமும் கூடவே நகர்கிறது. வீடியோவுக்கென்றே செய்த லென்ஸில் அதைச் சரிக்கட்ட ஏற்பாடு உண்டு. எடையும் விலையும் கூடும். போட்டோ லென்ஸில் பெரும்பாலும் அந்த வேலையை நம் தலையிலோ கேமரா தலையிலோ கட்டிவிடுகிறார்கள். பாடம் முடிந்தது.)

"இப்படித்தான் ஒரு சாவு அடக்கத்துல நம்ம பையன் ஒருத்தன்…" என்று தொடங்கினார். அதற்குள் குடும்பப் படம் எடுக்க ஒரு கூட்டம் வந்துவிட்டது. அவர் சொல்லாமல் விட்டதைத்தான் எழுதப் பார்க்கிறேன். வீட்டில் பேச ஆளில்லாதவனுக்குப் பாதி வாக்கியமே பெரிய துணை.

2

முதல் வரி இப்படி வந்தது: "நாச்சியாபுரம் பக்கத்து மாதா கோயிலில் மணி துக்கமாக ஒலித்தது." வேண்டாம். மணிக்கு என்ன துக்கம்.

"குவைத்திலிருந்த மகன்…" இவனை எல்லோரும் எழுதியாயிற்று.

மகள் என்று வைத்தேன். வின்சி, அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். பாஸ்போர்ட் விசா அலுவலகத்தில் கிடக்கிறது, வர வழியில்லை. இறந்தது அவள் அம்மா வியாகுலம்மாள். வின்சி பார்ப்பதற்காகவே தாய்மாமன் ஜோசப் ராஜ் நேரலைக்கு ஆள் பிடித்தார். ஆள் பெயர் அந்தோணி பிரபு.

3

பிரபு பல வருடம் தோளில் வைக்கும் வீடியோ கேமராவில் கல்யாணம் எடுத்தவன். அதில் ஒருமுறை ஃபோகஸ் வைத்தால் போதும். முகத்துக்குப் போகலாம், மேடைக்குத் திரும்பலாம். போன மாதம் வீடியோவும் எடுக்கிற போட்டோ கேமராவுக்கு மாறினான், கைப்பழக்கம் மாறவில்லை. சவப்பெட்டிக்குக் குறுக்கே ஆட்கள் நடக்க, ஆட்டோஃபோகஸ் அவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓடியது. அதை அணைத்தான். கோயில் முழுக்கத் தெரியும்படி வைத்து, பெட்டிமேல் ஃபோகஸ் செய்தான். கேமராவின் சிறிய திரையில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது.

பூசை முடிந்தது. மாமா குரல் கொடுத்தார்: "முகம் பாக்குறவுக வந்து பாத்துக்கங்க. மூடப்போறோம்."

பிரபு முகத்துக்கு ஜூம் செய்தான். திரையில் வியாகுலம்மாள் வெள்ளையாக ஒரு

[முடிக்கவில்லை. எதைப் போல என்று எழுதினாலும், அது ஒருத்தியின் அம்மா.]

நேரலையைப் பார்ப்பவர் ஒரே ஒருவர். பிரபுவின் போனில் எழுத்து விழுந்தது: "அண்ணே, அம்மா முகம் தெரியல."

4

வின்சியிடம் வந்ததும் எனக்கும் அதே கதி. வெளிநாடு, நர்ஸ், கண்ணீர் என்று தூரத்தில் எல்லாம் சரியாக இருந்தது. கிட்டப் போனால் ஆளே இல்லை. மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது.

இல்லத்தின் துணி துவைக்கும் அறையில், மிஷின் சத்தத்துக்கு நடுவே, போனைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள். அங்கே யார் இறந்தாலும் முகம் துடைத்துத் தலை சீவிவிடுவது அவள்தான். எத்தனையோ பேருடைய அம்மாக்கள். தன் அம்மாவுக்கு யார் சீவினார்கள், வகிட்டை நேராக எடுத்தார்களா என்று அவளுக்குப் பார்க்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. நானே உண்டாக்கிய பெண்தான், ஆனாலும் தாங்க முடியவில்லை.

5

முகம் தெளிந்துவிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். எனக்கு நல்ல மனசு என்று காட்டிக்கொள்ளத்தான் அது, கிழித்தேன். பெட்டியை மூடிவிடுவதாக இன்னொன்று எழுதினேன். அதைத் திரும்பப் படிக்கவே தைரியம் வரவில்லை.

உள்ளது இவ்வளவுதான். பிரபுவின் விரல் ஃபோகஸ் வளையத்தில் இருக்கிறது. தெளிவு வருகிறது, அவசரத்தில் தாண்டிவிடுகிறான், மறுபடி தேடுகிறான். இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். "பொறுங்க" என்றால் கிடைக்கும். கூலிக்கு வந்தவன், பங்குச் சாமியார் முன்னால், சொந்தபந்தம் முன்னால் எப்படிச் சொல்வான்? அந்த ஒரு சொல்லை அவனுக்குக் கொடுக்க நானும் முயன்றேன். கூட்டத்தில் ஒருநாளும் குரல் உயர்த்தியறியாத நான் எழுதியதால் அவன் வாயில் அது ஒட்டவில்லை.

மாமாவும் இன்னொருவரும் மூடியைத் தூக்கிவிட்டார்கள். மாமா கூட்டத்தைப் பார்க்கிறார்.

"எல்லாரும் பாத்தாச்சா? இன்னும் யாரும் பாக்கணுமா?"



வின்சி இன்னும் பார்க்கவில்லை என்பது இங்கே மூன்று பேருக்குத் தெரியும். பிரபு வாய் திறக்க மாட்டான். நான் எழுதுகிறவன், என் குரல் அந்தக் கோயிலுக்குள் கேட்காது. மிச்சம் இருப்பது நீங்கள். மாமா மூடியைப் பிடித்தபடி இன்னும் நிற்கிறார்.