ஒரு பெட்டி மண்ணுக்கு, ஒரு பெட்டி வங்கிக்கு

மகள் பிறந்த பூரிப்பில் ராவிரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரசவ அறையில் அவன் முன்னால் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் நஞ்சுக்கொடி, நியூசிலாந்து மாவோரி வழக்கப்படி அது ஊருக்குப் போய், அவர்கள் குலத்து நிலத்தில் ஒரு கோஃபாய் மரக்கன்றுக்கு அடியில் புதைய வேண்டும். மற்றதில் தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ரத்தம். நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது நோய் வந்தால் உதவும் என்று, உறைய வைக்க ஆக்லாந்து ரத்த வங்கிக்குப் போகிறது.

ரத்த வங்கி ஆள் வந்ததும் ராவிரி முதல் பெட்டியைத் தூக்கி நீட்டினான்.

"அட மனுஷா, நம்ம மண்ணுக்குப் போறதை எங்க அனுப்புற?" என்று கட்டிலில் கிடந்த மனைவி நைரி சிரித்தாள். "அப்புறம் ரத்தத்தைப் புதைச்சு அதுமேல மரம் நடுவியா?"

வந்தவரும் மாவோரிக்காரர்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு சரியான பெட்டியை எடுத்துக்கொண்டார். ராவிரி வாசல்வரை கூடவே போனான்.

"அண்ணே, இதை எப்பத் திருப்பித் தருவீங்க?"

"பிள்ளைக்குத் தேவைப்பட்டா நானே கொண்டு வருவேன் தம்பி."

"அப்படின்னா நீங்க இந்தப் பக்கம் வரவே வேணாம்ணே" என்றான் ராவிரி. சொல்லிவிட்டு, இனி பார்க்கவே கூடாத அந்த மனிதரை இழுத்து, மாவோரி முறைப்படி மூக்கோடு மூக்கு வைத்து வழியனுப்பினான்.