அடிமரத்து மண்

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தவள், ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டாள். மரம் வெட்ட வந்தவர், விழுந்து கிடந்த முதல் மரத்தின் கட்டை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கெட்டிலிருந்து சேற்றை அள்ளியள்ளி, தரையோடு தரையாக இருந்த அடிப்பகுதியில் சுற்றிலும் பூசினார். பூசிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று வீட்டுப் பக்கம் திரும்பினார். அவள் சட்டென்று திரையை இழுத்துவிட்டாள்.

வெட்டிப் போட்ட மரத்துக்கு எதற்குச் சேறு?

வீட்டின் மேற்கே வரிசையாக நான்கு தைல மரங்கள். அம்மா நட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. நான்கும் நாலு மாதத்தில் காய்ந்துபோயின. அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவள் வெளியூரிலிருந்து வந்த நாள் முதலாக, வெட்டுவதற்கு ஆள் தேடினாள். ஒருவர் போனை எடுக்கவில்லை. இன்னொருவர் வந்து பார்த்து, வண்டி உள்ளே வராது என்று கையை விரித்தார். மூன்றாவதாக இந்த மரக்காரர், கூப்பிடாமலே வந்து வாசலில் நின்றார். மரம் காய்வதாகக் கேள்விப்பட்டாராம். யார் சொன்னது என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்தார். கூலி என்ன என்றதற்கு, விறகை எடுத்துக்கொள்கிறேன், அது போதும் என்றார்.

எல்லாவற்றையும்விட அவளை உறுத்தியது நாய்தான். தபால்காரரைப் பத்து வருடமாகப் பார்த்தும் இன்னும் குரைக்கிற நாய், இவரைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு போய்க் காலை மோந்தது.

"முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இந்தப் பக்கமெல்லாம் வேலை செஞ்சிருக்கேம்மா."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா? ஒரு பெரிய கிடங்கில் சரக்கு சரிபார்க்கிறவள் அவள். முத்திரை அப்படியே இருக்கிற மூட்டையைத்தான் முதலில் பிரிப்பாள். கடவுள் கொடுத்தது என்னவோ நல்ல கண்தான். வேலை அதைக் கொஞ்சம் கெடுத்து வைத்திருந்தது.

"நல்ல ஆளுடி அவரு," என்றாள் அம்மா, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தபடி. இரண்டு கண்ணிலும் புரை. ஆளைச் சத்தத்தில்தான் அடையாளம் காண்பாள். "நாய் குலைக்கவே இல்ல பாரு."

"அதனாலதாம்மா எனக்குச் சந்தேகமே."

"உனக்கு யார் மேலதான் சந்தேகம் இல்ல? பொறந்தப்பவே டாக்டரை ஒரு மாதிரி முறைச்சுப் பார்த்தவ நீ."

அப்பாவின் வாயோரம் லேசாக அசைந்தது. சிரிப்பாகக்கூட இருக்கலாம். அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கையில் சுண்டுவிரல் கிடையாது. நாற்பது வருடத் தச்சு வேலையில் ரம்பம் வாங்கிக்கொண்டது அது ஒன்றைத்தான். அதற்கப்புறம் அவருக்கு அளவு என்றால் மூன்று விரல். மரத்தின் மேல் மூன்று விரலை வைப்பார், ஆணி முனையால் ஒரு பெருக்கல் குறி கீறுவார், துளை அதற்குப் பிறகுதான். ஜன்னல் சட்டத்தில், அலமாரியின் அடியில், இந்தக் கட்டிலில் எங்கே தடவினாலும் அந்தக் குறி தட்டுப்படும்.

"எத்தனை?" என்றார் அப்பா. காலையிலிருந்து அவர் கேட்பது இது ஒன்றுதான்.

"ரெண்டு விழுந்திருச்சுப்பா."

"இன்னும் ரெண்டு," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மரக்காரர் குழாயடியில் சாப்பாட்டைப் பிரித்த நேரம் பார்த்து அவள் வெளியே போனாள். முதல் கட்டையின் அருகே குனிந்து, ஈரச் சேற்றை நகத்தால் சுரண்டினாள். விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை, உள்ளே சரிவாக இறங்கியது. முகர்ந்தாள். களைக்கொல்லி வாடை.

வீட்டின் பின்பக்கம் போய்த் தம்பிக்குப் போன் செய்தாள்.

"மரம் தானா காயலடா. அடியில ஓட்டை போட்டு மருந்து ஊத்தியிருக்காங்க. ஊத்தினவனே வெட்டவும் வந்திருக்கான்."

"நிஜமாவா சொல்றே?"

"கையில வாடை போகல இன்னும். விறகு போதும்னு சொன்னப்பவே நெனச்சேன். இன்னும் எத்தனை தோட்டத்துல இந்த வேலை பண்ணியிருக்கானோ."

"அவன்கிட்ட ஒண்ணும் கேட்டுடாதே. நாளைக்கு நான் வந்ததும் போலீஸ்ல எழுதிக் குடுத்துடலாம். மரம் போனா அம்மா எப்படித் தாங்குவா?"

அதுதான் அவளுக்கும் வயிற்றெரிச்சல். போன வருடக் காற்றில் ஒரு பெரிய கிளை முறிந்து, அம்மா படுக்கிற அறைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. வெட்டிவிடலாம் என்றார் அப்பா. நான் இருக்கிறவரைக்கும் அதன் மேல் கோடாலி படக்கூடாது என்றாள் அம்மா. மூன்று நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அப்படிக் காப்பாற்றிய மரங்களை எவனோ ஒருவன் விறகுக்காகக் கொன்றுபோட்டான் என்றால்?

அவள் உள்ளே வருவதற்கும் மூன்றாவது மரம் விழுவதற்கும் சரியாக இருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்பா கண்ணைத் திறந்தார்.

"மூணு," என்றார்.

அவள் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துத் திரும்பியபோது அந்தக் கண் திறந்தபடியே இருந்தது. அம்மா அவர் நெஞ்சில் கை வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்து தடவித் தடவி வாசலுக்குப் போய், "மெஷினை நிறுத்துங்க," என்றாள். சத்தம் நின்றது. மரக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலில் அப்படியே நின்றார்.

மறுநாள் காலை அப்பாவை அடக்கம் செய்தார்கள். மரக்காரர் எல்லோருக்கும் பின்னால் நின்றார். தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து கை கால் கழுவியதும், "மூஞ்சியைப் பார்த்தா பூனை மாதிரிதான் இருக்கான்," என்றான். "நீ போய் அந்த ஓட்டையை எல்லாம் போட்டோ எடுத்துட்டு வா. நான் எழுதி வைக்கறேன்."

அவள் வெளியே வந்தபோது மேற்குப் பக்கம் கர்ர், கர்ர் என்று மெல்லிய சத்தம். மரக்காரர் நாலாவது மரத்தைக் கைரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் சேற்றுப் பக்கெட். திருட்டு வேலைதான் சத்தமில்லாமல் நடக்கும் என்று அவள் மனம் சொன்னது.

"மெஷின் என்னாச்சு?"

"துக்க வீடும்மா. அந்தச் சத்தம் நல்லா இருக்காது." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "காத்து வரப்போகுதுங்கறாங்க. இதுதான் அம்மா ரூம் மேல சாஞ்சு நிக்குது. கயிறு கட்டித் தோட்டத்துப் பக்கம் இழுத்து வச்சிருக்கேன்."

"நேத்து அந்த மண்ணைச் சுரண்டிப் பார்த்தேன்."

அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார். "பார்த்துட்டீங்களா?"

"என் தம்பி உள்ள புகார் எழுதிட்டு இருக்கான்."

ஏதோ சொல்ல வாயெடுத்தவர், வீட்டைப் பார்த்தார். பிறகு, "எழுதட்டும்மா," என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பணிவு அவளுக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது. மண்டியிட்டு, நாலாவது மரத்தின் அடியில் முன்கூட்டியே பூசியிருந்த சேற்றை வழித்தெடுத்தாள். துளை தெரிந்தது. கொண்டுவந்த துணியால் அழுத்தித் துடைத்தாள். போனை நீட்டிப் படம் எடுக்கப் போனவள், திரையில் பெரிதாகத் தெரிந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள்.

துளையைத் தாண்டி நாலு பக்கமும் நீண்டிருந்தன, ஆணி முனையால் கீறிய கோடுகள். பெருக்கல் குறி.

அடுத்த துளையைத் துடைத்தாள். அங்கேயும் இருந்தது. அதற்கடுத்ததிலும். துளைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி எல்லாம் ஒரே அளவு.

காற்று ஒருமுறை வந்து போனது. காய்ந்த இலைகள் காகிதம் போலச் சரசரத்தன.

"உங்கம்மா அவங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரம்," என்றார் மரக்காரர், தரையைப் பார்த்தபடி. "ஐயா என்னைக் கூட்டிட்டு வந்து காட்டினாரு. அவ வர்றதுக்குள்ள வெட்டிடுன்னாரு. அம்மா வேணாம்னு சொன்ன மரத்தை அவங்க இல்லாதப்ப நான் வெட்டமாட்டேன்னுட்டேன். அப்பவே அவருக்கு உடம்பு ரொம்ப முடியல. எனக்கப்புறம் இது அவ மேல விழுந்தா யாருய்யா பதில் சொல்றதுன்னு கேட்டாரு. நான் கும்பிட்டுட்டுப் போயிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மரம் காயுதுன்னு கேள்விப்பட்டேன்."

"தப்பில்லையா இது? அவங்க மரம்."

"தப்புதாம்மா. அதுக்குத் தீர்ப்பு சொல்ல மேல ஒருத்தர் இருக்காரு. அம்மா தினம் வந்து மரத்தைத் தடவிட்டுப் போவாங்களாமே, ஐயா சொன்னாரு. இதுக்குக் கீழ ரம்பம் இறங்காது, கல்லு. அதான் ஓட்டை அம்மா கையில தட்டுப்படாம மண்ணாவது பூசி வைப்போம்னு."

உள்ளேயிருந்து தம்பி குரல் கொடுத்தான். "எடுத்தியாக்கா?"

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஒண்ணுமில்லடா. பூச்சி துளைச்சது. நான்தான் தப்பாப் பார்த்துட்டேன். எழுதினதைக் கிழிச்சுப் போடு."

மரம் தோட்டத்துப் பக்கம் மெதுவாகச் சாய்ந்து படுத்தது. அதிகச் சத்தம் இல்லை. மரக்காரர் கயிற்றைச் சுருட்டப் போனார். அவள் பக்கெட்டை இழுத்து வைத்துக்கொண்டு, சேற்றை அள்ளி, ஒவ்வொரு துளையாக அடைத்தாள். நகக்கண்ணெல்லாம் மண்.

"என்னடி பண்றே?"

அம்மா பின்னால் நின்றிருந்தாள். நாய் அவள் காலை ஒட்டி நின்றது.

"பூச்சி போட்ட ஓட்டைம்மா. அடைக்கறேன்."

"நாலும் போயிடுச்சா?"

"போயிடுச்சும்மா."

அம்மா குனிந்து, அறுத்த கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கை மெல்லக் கீழே இறங்கியது. ஈரத்தில் ஒருமுறை நின்றது. நகர்ந்து அடுத்த ஈரத்தில் நின்றது. மகள் சேற்றுக் கையோடு பார்த்தாள். அம்மா சுண்டுவிரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, மற்ற மூன்று விரலையும் இரண்டு ஈரங்களுக்கு நடுவே பதித்தாள்.

அம்மாவின் விரல்கள் மெலிந்தவை. கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.