கணக்கில் வராத அரைமணி மழை

மடிக்கணினியில் வானம் நீலக் கட்டங்களாகக் கிடந்தது. கும்மிடிப்பூண்டி வார்ப்பு ஆலையின் வாசல் காவலர், தினமும் காலை எட்டரைக்கு மழைமானியை அளந்து நோட்டில் எழுதும் வரதன், அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வருடம் முன்பு, 2005 அக்டோபரில், அதே வானம் அவர் தலைமேல் இறங்கி வந்தது. சுவர் கரைந்தது, லாரிகள் கரைந்தன, உலகத்தில் அவரும் மழைமானியும் மட்டும் மிதப்பதுபோல் இருந்தது. இந்தப் பெட்டிக்குள் அந்த நாள் ஒரு வெளிறிய நீலம். அவ்வளவுதான்.

"தொண்ணூத்தி நாலு மில்லிமீட்டர்," என்றார் ஜெரால்ட். ஆலைக்குப் பின்னால் வெட்டப்போகும் மழைநீர்க் கால்வாய்க்கு அகலம் சொல்ல வந்த பொறியாளர். "பழைய காத்து, அழுத்தம் எல்லாம் வச்சு அன்னிக்கு வானிலைய கம்ப்யூட்டர் திரும்பக் கட்டியிருக்கு. நீங்க நோட்டுல முந்நூத்திப் பன்னெண்டுன்னு எழுதியிருக்கீங்க. கூரைத் தண்ணி ஏதாவது விழுந்துச்சாண்ணா?"

"இல்ல சார். மழைமானி வெட்டவெளிலதான் கீது."

"கம்ப்யூட்டருக்கு இங்கேருந்து கடம்பத்தூர் வரைக்கும் ஒரே கட்டம். ஒரு எடத்துல கொட்டினதப் பரப்பி மெலிசாக்கிடும், நெசந்தான். ஆனா மூணு மடங்குன்னா மேல ஒத்துக்க மாட்டாங்க. தொண்ணூத்தி நாலுக்கு மூணடி அகலம் போதும்."

மூன்றடி. அன்று போக்கிடமில்லாத தண்ணீர் நுழைந்தது வரதனின் தெருவுக்குள்தான். பக்கத்து வீட்டு ஞானம்மா இடுப்பளவு தண்ணீரில், ஸ்டவ்வைத் தலையில் வைத்துக்கொண்டு, அழக்கூட மறந்து நின்றாள்.

ஆனால் நோட்டில் இருந்த அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒரு தப்பு இருந்தது. அதைச் சொன்னால் நோட்டையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். சொல்லாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை, பாழாய்ப்போன மனசு.

"சார், ஒரு தப்பு பண்ட்டேன்."

ஜெரால்ட் நிமிர்ந்தார்.

"எட்டு மணிக்கே டப்பா ரொம்பிடும் போல இருந்திச்சு. வெளிய எடுத்து அளந்தேன். அளக்குற கண்ணாடி ஒரு தபா இருவது மில்லிமீட்டர்தான் புடிக்கும். பதினஞ்சு தபா, அதுக்கு மேல பன்னெண்டு. எண்ணிக்க தப்பி, வாளில ஊத்தி வச்சத ரெண்டு வாட்டி மொதல்லேந்து எண்ணினேன். அதுவரிக்கும் மழைமானி வாயி மேல கொடயக் கவுத்துட்டேன்."

"ஏன்?"

"ரேஷன் கடைல மூட்டை எண்ணும்போது கதவ சாத்துவாங்கல்ல. எண்ணிக்கினு இருக்கசொல்ல புதுசா உள்ள வரக் கூடாதுன்னு நெனச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"எட்டரை சங்கு ஊதுற வரிக்கும். அந்த அரமணிதான் சார் மழ பேயா பேஞ்சது."

வரதன் தலையைக் குனிந்துகொண்டார். வேலை போனால் போகட்டும், தெரு பிழைத்தால் போதும் என்றிருந்தது.

"இல்லாததக் கூட்டி எழுதறவன் குடை கதை சொல்ல மாட்டாண்ணா," என்றார் ஜெரால்ட். கணினியை மூடிவிட்டு வரதனின் நோட்டைத் திறந்தார். யாரும் நம்பாத அந்த முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு முன்னால் பேனாவால் எழுதினார்: குறைந்தது.