அலுவலகம் இளைத்த பதினைந்து வருஷம்

பாய்லர்காரரின் மனைவி சாப்பாட்டை நிறுத்திய இரண்டாவது வாரக் கடைசியில், அவள் எதிரே இருந்த அலுவலகம் ஒன்றேகால் அங்குலம் இளைத்திருந்தது. முதலில் கண்டுபிடித்தவர் ஒரு கொத்தனார். பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் கதவு சட்டத்தில் உட்கார மறுக்கிறது என்று அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் சட்டத்தை அளந்தார், அறையை அளந்தார், கட்டடத்தை முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை அளந்தார், பிறகு தன் டேப்பின் மேல் சந்தேகப்பட்டுக் கடைக்குப் போய்ப் புது டேப் வாங்கிவந்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தார். நாளுக்கு ஒரு நூல் வீதம், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, நாற்பது அடிக் கட்டடம் ஒல்லியாகிக்கொண்டிருந்தது. விரிசல் இல்லை, காரை பெயரவில்லை. சனி ஞாயிறுகளில் இளைக்கவும் இல்லை. கொத்தனார் ஜன்னல் கதவை இழைத்துப் பொருத்திவிட்டு, இதற்கு மேல் தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த அலுவலகத்தின் வேலை, தொழிற்கூடங்களில் நடக்கும் விபத்துகளை விசாரித்து அறிக்கை எழுதுவது. பாய்லர்காரர் பொது மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பதினேழு வருஷம் வேலை பார்த்தவர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். பாய்லரின் வால்வு ஒட்டிக்கொள்கிறது என்று அவர் இந்த அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றாவது கடிதம் எழுதும்போது பேனா தீர்ந்துபோய், மகளின் பென்சிலை வாங்கி முடித்தார். கடிதங்கள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. ஒரு காலையில் பாய்லர் வெடித்தது. பதினோரு நாளில் நான்கு பக்க அறிக்கை தயாரானது. மூன்றாம் பக்கத்தில், 'ஊழியர் தன் கவனக்குறைவால் பாய்லர் வெடித்து இறந்தார்' என்று இருந்தது. அதே சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலையில் இருந்த அவர் மனைவி, கொடுத்த நிவாரணத்தை வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் வீடு இல்லை. ஆனால் 'தன் கவனக்குறைவால்' என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் எடுத்துவிடும்படி கேட்டாள். அறிக்கை பதிவேட்டில் ஏறிவிட்டது, ஏறியது இறங்காது என்று கைவிரித்தார்கள்.

அப்படியும் அவள் விட்டிருப்பாள். எட்டு வயது மகள் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல், "அப்பா வேலையில தூங்கிட்டாராம்மா? அதனாலதான் வெடிச்சுதாமே?" என்று கேட்டாள். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. மறுநாள் விடியற்காலை ஷிப்டை முடித்துக்கொண்டு, ஒரு பாயும் அட்டையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்தின் எதிர் நடைபாதையில் உட்கார்ந்தாள். அட்டையில் 'இரண்டு வார்த்தை' என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு காவலர் வந்து, பத்து மணியிலிருந்து ஐந்து வரை உட்காரலாம், ஒலிபெருக்கி கூடாது, நடக்கிறவர்களுக்கு வழி விடவேண்டும் என்று அனுமதி எழுதிக் கொடுத்தார். முதல் மாதம் சலவைக்கூடமே அவளோடு வந்தது. எண்பது பேர் கைகளில் வெள்ளை விரிப்புகளைப் பிடித்துக்கொண்டு, கோஷம் ஏதும் போடாமல் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார்கள். கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அடுத்த மாதம் நாற்பது பேர் நடந்தார்கள். ஒரு வருஷம் கழித்து அவளும் இன்னொரு மடிப்புக்காரியும் மட்டும் ஒரே விரிப்பின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அந்த மடிப்புக்காரிக்கு முட்டி வலி வந்தபின் ஊர்வலம் நின்றது. யாரையும் குறைசொல்வதற்கில்லை. எல்லோருக்கும் வீடு இருந்தது, அடுப்பு இருந்தது.

உண்ணாவிரதம் இருப்பவரைத் தினமும் எடைபோட்டுக் குறிக்கவேண்டும் என்பது விதி. ஒரு சுகாதார உதவியாளர் தோளில் எடைக்கருவியைச் சுமந்துகொண்டு தினமும் பதினொன்றரைக்கு வருவார். முதல் நாள் ஐம்பத்து மூன்று கிலோ. ஐம்பதாம் நாளும் ஐம்பத்து மூன்று. இருநூறாம் நாள் அவர் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார், அப்போதும் அதே ஐம்பத்து மூன்று. அவள் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால்தான் அது உண்ணாவிரதமாகக் கணக்கில் வரும், பேச்சுவார்த்தைக்கு அழைக்க முடியும் என்று சுற்றறிக்கை சொன்னது. ஆகவே அந்த நடைபாதையில் உண்ணாவிரதம் எதுவும் நடைபெறவில்லை என்று ஒவ்வொரு மாதமும் மேலிடத்துக்கு எழுதினார்கள். எடை குறைந்துகொண்டிருந்த கட்டடத்துக்கு அந்தச் சுற்றறிக்கை பொருந்துமா என்று ஒரு புதிய அதிகாரி கேட்டாராம். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

அலுவலகம் தன்னைச் சரிசெய்துகொண்டது. முதலில் பீரோக்களை விற்றார்கள். பிறகு மேஜைகளை நீளவாக்கில் அறுத்தார்கள். ஏழாம் வருஷம் நாற்காலிகளை எடுத்துவிட்டு பெஞ்சு போட்டார்கள். முன்சுவர் பின்வாங்கப் பின்வாங்கத் தெரு அகலமாகியது. சாலைத் துறை அதைத் தன் சாதனையாக எழுதிப் பலகை நட்டது. பதவி மூப்பு பார்த்து உள்ளே இடம் கொடுத்த காலம் போய், இடுப்பளவு பார்த்துக் கொடுக்கும் காலம் வந்தது. மேலதிகாரிதான் முதலில் வெளியே வந்தார், அவர் தொப்பை அப்படி. அவருக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் அகலமான தெருவில் தார்ப்பாய்க் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். இப்படி வருஷத்துக்கு ஒருவராக வெளியேறி, பன்னிரண்டாம் வருஷத்தில் கொட்டகை நீண்டு நடைபாதையைத் தொட்டபோது, அவள் பாயிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு மேஜை வந்து நின்றது. அது முத்தெழுத்துக்காரருடையது. அலுவலகத்தின் அத்தனை அறிக்கைகளையும் முத்து முத்தான கையெழுத்தில் எழுதுபவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். மூன்றாம் பக்கத்தை எழுதியதும் அந்தக் கைதான். இரண்டு பேருக்கும் அது தெரியும். வெயில் திரும்பும்போது அவர் தார்ப்பாயை அவள் பக்கம் இழுத்துவிடுவார். அவள் மழைத்துளி விழும் கோப்புகளை நகர்த்தி வைப்பாள். பேசிக்கொள்ளவில்லை.

அவள் வீட்டில் சமைத்தாள். மகளுக்குப் பரிமாறி, எதிரே உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்றாள். தனக்குத் தட்டு வைக்கவில்லை. பசி இல்லை என்று சொல்வாள், அது உண்மையும்கூட. அவள் பசி எதிர்ச்சுவருக்குள் போய்விட்டிருந்தது. ஆனால் களைப்பு மட்டும் அவளிடமே தங்கிவிட்டது. விரிப்பை மடிக்கும்போது நடுவில் நின்றுவிடுவாள். ஐந்து மணிக்குப் பாயைச் சுருட்ட அரைமணி நேரம் பிடிக்கும். எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கிறவர்களிடம் விளக்கி விளக்கி, கடைசியில் அட்டையைச் சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொண்டாள். எழுத்தே வெளிறியிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு அவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

மகளுக்கு இருபது வயதானபோது, இறந்தவரின் வாரிசு என்ற கருணை அடிப்படையில் அதே அலுவலகத்தில் வேலை கொடுத்தார்கள். கருணையைவிட, அவள் குச்சிபோல் இருந்ததுதான் காரணம். பதிவறைக்குள் நுழைய ஆள் தேவைப்பட்டது. அம்மா தடுக்கவில்லை. காலையில் இருவரும் சேர்ந்தே வருவார்கள். மகள் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவாள், அம்மா பாயை விரிப்பாள். மூன்று வருஷம் அப்படிப் போனது. நான்காம் வருஷத்தில் மகள் அப்பாவின் அறிக்கை இருந்த கோப்பைக் கண்டுபிடித்தாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"பேனா கையிலதான் இருந்துச்சும்மா. ரெண்டே வார்த்தை. ஒரு கோடு போட்டா முடிஞ்சுது. உன்கிட்ட கேக்காம வேணாம்னு வந்துட்டேன்."

"போடாத. நீ அடிச்சா அது திருட்டு. எழுதின கை அடிக்கணும்."

"யாரும் அடிக்க மாட்டாங்கம்மா. உனக்கே தெரியும். கட்டடம் இன்னும் ஒரு சாண்தான் இருக்கு. இப்பவே மூச்ச உள்ள இழுத்துட்டுத்தான் போறேன். இன்னும் பத்து நாள் நீ உட்கார்ந்தா என்னாலயும் போக முடியாது. வேலையும் போச்சு, அப்பாவோட பேரும் அந்தச் சுவருக்குள்ளயே போச்சு."

மகள் அழுதாள். எட்டு வயதிலிருந்து ஒருநாள்கூடத் தன் அம்மா தன்னோடு சேர்ந்து சாப்பிட்டதில்லை என்றும், அப்பாவைப் பற்றி நினைத்தாலே அந்த வெளிறிய அட்டைதான் ஞாபகம் வருகிறது என்றும், தனக்கு அலுத்துவிட்டது என்றும் சொன்னாள். "எனக்கும்தாண்டி," என்றாள் அம்மா. மறுநாள் பத்து மணிக்குப் பாயோடு வந்து உட்கார்ந்தாள். வேறு எங்கே உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அது முத்தெழுத்துக்காரர் ஓய்வு பெறும் வாரம். தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்துபோவதை மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள், அதுதான் அவரது கடைசி வேலை நாள், மகளைக் கூப்பிட்டு, கோப்பின் எண்ணைப் பார்க்காமலே சொல்லி, அதை எடுத்துவரச் சொன்னார். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் உள்ளே நுழைந்தாள். வெளியே வர முக்கால் மணி நேரமாயிற்று. தோளில் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு. அவர் மூன்றாம் பக்கத்தைப் பிரித்து வைத்து, வரிகளின் மேல் விரலை ஓட்டினார். தன் கையெழுத்து அன்றைக்கு எவ்வளவு அழகாக இருந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

"அந்த மூணு லெட்டரும் என் கைக்குத்தாம்மா வந்துச்சு," என்றார். அம்மாவிடம் அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவை. "மூணாவது பென்சில்ல எழுதியிருந்துச்சு. பென்சில்ல எழுதினத ஏத்துக்கக் கூடாதுன்னு ஓரமா வெச்சேன். முதல் ரெண்டையும் அதோட சேத்து வெச்சுட்டேன். அப்புறம் வெடிச்சிருச்சு. கவனக்குறைவுன்னு எழுதுன்னாங்க. யாரோடதுன்னு எனக்குத் தெரியும்."

"இத அடிச்சா உங்களுக்கு ஓய்வூதியம் நிறுத்திருவாங்க சார்," என்றாள் மகள். அலுவலகத்தில் இருப்பவள், அவளுக்கு விதி தெரியும்.

"நிறுத்தட்டும். எனக்கும் முடியலம்மா."

அவர் அளவுகோலை வைத்து இரண்டு வார்த்தைகளின் மேலும் ஒரே நேர்க்கோடு போட்டார். ஓரத்தில், 'வால்வு பழுது பற்றி இவர் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். பெற்றுக்கொண்டு வைத்திருந்தவன் நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தேதி போட்டார். எழுத்து முத்து முத்தாக இல்லை. பக்கத்தை அவளிடம் நீட்டினார். அவள் வாங்காமல் மகளைக் காட்டினாள். மகள் அதைக் கொட்டகை முழுவதும் கேட்கும்படி படித்தாள். 'ஊழியர் பாய்லர் வெடித்து இறந்தார்.' பிறகு ஓரத்தில் இருந்ததையும் படித்தாள். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள் அம்மா. அவள் படித்தாள். தெருவில் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மேலதிகாரி கழிப்பறைக்குப் போயிருந்தார். இப்படித்தான் அது முடிந்தது, மாலை மூன்றே முக்காலுக்கு, ஐந்தாறு பேர் முன்னிலையில்.

அவள் அனுமதி நேரம் முடிய இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்போதே எழுந்தாள். எழுந்தவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா பண்ணுது?" என்று மகள் ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

"பசிக்குதுடி," என்றாள் அம்மா.

முத்தெழுத்துக்காரர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். மதியம் இறங்காமல் மிச்சம் வைத்த பாதிச் சாப்பாடு ஆறிக் கிடந்தது. அதை அவள் பக்கம் தள்ளினார். அவள் மறுபடி பாயில் உட்கார்ந்து, மெதுவாக, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் நின்று நின்று, எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தாள். மகள் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அப்புறம் வீட்டுக்குப் போய் அவள் மூன்று நாள் தூங்கினாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு மகள்தான் போய் விடுப்புச் சொன்னாள்.

அலுவலகம் அன்றோடு இளைப்பதை நிறுத்திக்கொண்டது, திரும்பிப் பெருக்கவும் இல்லை. ஒன்பது அங்குலக் கனத்தில், மூன்று மாடியும் கதவும் ஜன்னல்களுமாக, இன்றும் அங்கேதான் நிற்கிறது. காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள். பழைய அறிக்கைகளின் நகல் வேண்டுபவர்கள் கொட்டகையில் மனு கொடுக்கலாம், எடுத்துவர முக்கால் மணி நேரமாகும்.