கதிராமன் என்றொரு பெயர்

இறக்கக்கண்டியில் இருந்து புறப்பட்ட காலை பஸ்ஸை நிலாவெளி வீதி இராணுவச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். 2006ஆம் ஆண்டு, மே மாதம். பல்கலைக்கழக வளாகத்தில் கணினி படிக்கும் சிவகுருநாதனும் மஹ்ரூப்பும் பின்சீட்டில் இருந்தார்கள். மஹ்ரூப் தோப்பூர்க்காரன். விரிவுரையாளர் கொடுத்த ஒப்படையை எழுதுவதற்காக முதல்நாள் சிவகுருநாதன் வீட்டில் தங்கியிருந்தான்.

ஒரு குடும்பத்தின் உறவுமுறைகளை மூன்று கணினி மொழிகளில் எழுத வேண்டும். சி மொழியில் எப்படித் தேடுவதென்று படிப்படியாகச் சொன்னார்கள். லிஸ்ப்பில் எல்லாவற்றையும் சார்புகளாக்கினார்கள். புரோலாக் வேறு மாதிரி. அதற்கு வழி சொல்லத் தேவையில்லை. உண்மைகளை எழுதிவிட்டுக் கேள்வி கேட்டால் போதும். சிவகுருநாதன் தன் வீட்டாரின் பெயர்களையே ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் எழுதியிருந்தான். தகப்பன் காசிநாதர், தம்பி கதிராமன்.

எல்லாரையும் இறக்கிவிட்டு, சிவகுருநாதனின் பையைக் கிளறிய சிப்பாய் அந்தத் தாளை அதிகாரியிடம் நீட்டினான்.

"பேர் எல்லாம் ஏன் சின்ன எழுத்து?" அதிகாரிக்கு உடைந்த தமிழ் தெரிந்திருந்தது. "இது என்ன கோட்?"

"மொழி, சேர். கம்ப்யூட்டர் மொழி. அதில பேரைச் சின்ன எழுத்திலதான் எழுத வேணும்."

சிப்பாயின் துவக்குப்பிடி சிவகுருநாதனின் நெஞ்சில் இறங்கியது. அவன் மணலில் விழுந்தான். பஸ்ஸை அனுப்பிவிட்டு, இருவரையும் இரண்டு மண்மூட்டை அறைகளுக்குள் தள்ளினார்கள்.

மஹ்ரூப்பிடம் சிங்களத்தில் கேட்டார்கள். "யார் இந்தக் கதிராமன்?"

இளம் தமிழ்ப் பெடியன் ஒருவனின் பெயர் கிடைத்தால் போராளி என்று அவனைத் தேடத் தொடங்குவார்கள் என்று மஹ்ரூப்புக்குத் தெரியும். "அப்பிடி ஒருத்தரும் இல்ல சேர். உதாரணத்துக்கு நான் வச்ச பேர்" என்றான்.

அதே கேள்வி அடுத்த அறைக்கு வந்தது.

"என்ர தம்பி, சேர். கட்டார்ல வேலை செய்யிறான்."

இரண்டு பதில்களும் ஒத்துவராததைக் கண்ட அதிகாரி மஹ்ரூப்பின் அறைக்குத் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் சுவருக்கு அப்பால் மஹ்ரூப் அலறினான். எலும்பு உடையும் ஓசை சிவகுருநாதனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அவனை விடுங்கோ! அவனுக்கு ஒண்டும் தெரியாது!"

கதவடியில் நின்ற சிப்பாய் அவனைக் கீழே தள்ளி, வலக்கையைச் சப்பாத்தால் மிதித்து நசுக்கினான். இரண்டு விரல்கள் முறிந்தன. பக்கத்து அறையில் அடி நிற்கவில்லை. பிறகு அலறலும் இல்லாமல் போனது.

பஸ்ஸில் வந்தவர்கள் வளாகத்தில் சொல்ல, விரிவுரையாளர் ஞானமணி வகுப்பு முழுவதன் ஒப்படைகளையும் அள்ளிக்கொண்டு ஓட்டோவில் வந்தார். முப்பத்தொரு தாள்கள், முப்பத்தொரு குடும்பங்கள். துவக்குகளுக்கு முன்னால் நின்று, "எல்லாத்திலயும் பேர் சின்ன எழுத்துதான். பாருங்கோ. இது நான் குடுத்த பாடம். பிடிக்கிறதெண்டா என்னைப் பிடியுங்கோ" என்றார். தாள்களை அதிகாரியின் கையில் வைத்தார். அதிகாரி தாள்களைப் புரட்டினார். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு, "கூட்டிக்கொண்டு போ" என்றார்.

மஹ்ரூப்பைத் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். தாடை உடைந்திருந்தது, இடது காதில் இரத்தம் வழிந்தது.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் சிவகுருநாதன் மஹ்ரூப்பின் கட்டிலருகே நின்றான். "மச்சான், நீ சொன்னது தெரிஞ்சிருந்தா நானும் அப்பிடியே சொல்லியிருப்பன்."

தாடையில் கம்பி கட்டியிருந்ததால் மஹ்ரூப்புக்குப் பேச ஏலாமல் இருந்தது. தாளை இழுத்து எழுதினான்: 'நீ பொய் சொல்ல மாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். பயத்தில மறந்துபோனன்.'

சிவகுருநாதன் கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து அழுதான். அடுத்த கிழமை மஹ்ரூப்பின் தகப்பன் வந்து அவனைத் தோப்பூருக்குக் கூட்டிப்போனார். அவன் வளாகத்துக்குத் திரும்பவில்லை. சிவகுருநாதன் இடக்கையால் பரீட்சை எழுதினான்.